மிச்சமில்லாத பத்துப் பேர்

தின்னர் நெடி என்றால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். எனக்கோ அது மூக்கில் ஏறினால் பசியெடுக்க ஆரம்பித்துவிடும். ஆடுகோடியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், லேத் பட்டறைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே அப்பாவின் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய், அம்மா கொடுத்தனுப்பிய புளிச்சோற்றை மையும் தின்னரும் மணக்கும் மேசை ஓரத்தில் வைத்துத் தின்று வளர்ந்தவள் நான். இன்றைக்கும் பெயின்ட் கடை வாசலைத் தாண்டும்போது நாக்கில் புளி ஊறுகிறது. சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

அப்பாவின் வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது. மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதில் அச்சாக வேண்டிய வடிவம் மட்டும் திறந்திருக்கும், மற்ற இடமெல்லாம் அடைபட்டிருக்கும். சட்டத்தைத் துணிமேல் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஓர் இழுப்பு இழுத்தால் அச்சு விழுந்துவிடும். விளையாட்டுச் சட்டைகளுக்கென்று அப்பா பெரிய இலக்கச் சட்டங்கள் வைத்திருந்தார். சைபரிலிருந்து ஒன்பதுவரை, இலக்கத்துக்கு ஒன்று, சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டியிருக்கும்.

நான் ஏழாவது படித்த வருஷம் ஒரு த்ரோபால் குழுவினர் பத்து மஞ்சள் சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்து, மார்பில் சிவப்பு மையில் ஒன்று முதல் பத்து வரை போட்டுத் தரச் சொன்னார்கள். உதவிக்கு வரும் அண்ணன் அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தார். அப்பா தனியாளாக, சுவரில் இருந்த சட்டங்களை ஒவ்வொன்றாக எடுப்பதும், ஓர் இழுப்பு இழுப்பதும், கழுவி மாட்டுவதும், அடுத்ததை எடுப்பதுமாக விறுவிறுவென்று முடித்துவிட்டார். சட்டம் பத்து, சட்டையும் பத்து, கூடவும் இல்லை குறையவும் இல்லை; கணக்கு கச்சிதமாக இருந்ததே அவர் கண்ணைக் கட்டிவிட்டது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகளைப் பார்த்து, சாப்பாடு கொண்டுவந்த அம்மாதான் கேட்டாள்: "இன்னாங்க, பத்து எங்க? இது இன்னா முட்டை?"

ஒன்றிலிருந்து பத்து வரை அடிக்க வேண்டியவர் சைபரிலிருந்து ஒன்பது வரை அடித்துவிட்டிருந்தார். சைபர் நடுமார்பில் பூசணிக்காய் அளவுக்கு உட்கார்ந்திருந்ததால் பக்கத்தில் ஒன்று போட்டுச் சமாளிக்கவும் இடமில்லை. மாலையில் வந்த குழுக்காரர் சட்டையைத் தூக்கிப் பார்த்து, "இதப் போட்டுக்கினு எங்க ஆளு கோர்ட்ல எறங்கினா ஊரே சிரிக்கும்" என்று சொல்லி, பத்தையும் மேசைமேல் எறிந்துவிட்டுப் போனார். அவசரத்துக்கு வேறு கடையில் வாங்கிக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். ஊர் சிரித்திருக்குமோ இல்லையோ, எங்கள் சந்து சிரித்தது. சைபருக்குக் கன்னடத்தில் 'சொன்னெ' என்று பெயர். மறுநாளிலிருந்து லேத் பட்டறையிலும் டீக்கடையிலும் என் அப்பா 'சொன்னெ அண்ணா' ஆகிவிட்டார். அவர் அதற்கும் ஒரு சிரிப்புச் சிரித்துவைப்பார். எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

நவம்பர் வந்தது. கன்னட நாடு உருவான நாளான ராஜ்யோத்சவத்தை எங்கள் சந்தில் ஊர்த் திருவிழா மாதிரிதான் கொண்டாடுவோம். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் கன்னடக் கொடியின் நிறத்தில் மஞ்சள் சிவப்புத் தோரணம் கட்டுவோம். விழாக் கமிட்டிக்குத் தலைவர் கங்கப்பா அங்கிள், மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், குரல் கொஞ்சம் கரடு, மனசு பஞ்சு. மஞ்சள் துணியில் சிவப்பு மை, அதுவும் தயாராக, அதுவும் சும்மா கிடக்கிறது என்றதும் அவர் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. சந்துப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, மேடைக்கு முன்னால் வரிசையாக நடக்கவிடலாம் என்று அவரே கடைக்கு வந்து சொன்னார். அப்பாவின் முகத்தில் பல நாள் கழித்து வெளிச்சம் வந்தது. ஆனால் சட்டைகளை எண்ணிக்கொண்டே வந்த கங்கப்பா அங்கிள், சைபரைக் கண்டதும் அதை மட்டும் தனியே எடுத்து வைத்தார். "ஒம்பத்து சாக்கு. சொன்னெ பேட, நோடோக்கெ சென்னாகிரல்ல" என்றார். ஒன்பது போதும், சைபர் வேண்டாம், பார்க்க நன்றாக இருக்காதாம். "பரீட்சையில முட்டை வாங்கின மாதிரி இருக்கும்மா" என்று எனக்குத் தமிழிலும் ஒருமுறை விளக்கினார்.

அப்பா சைபர் சட்டையை மடித்து மேசைக்கு அடியில் வைத்தார். அவர் மடித்த விதம் எனக்குத் தாங்கவில்லை. அதைப் பிடுங்கி யூனிபார்முக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, "எங்கப்பா பத்து அடிச்சாரு, பத்தும் நடக்கும்" என்று கத்தினேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஒரு சட்டையை ஒதுக்கிவிட்டு ஒன்பது மட்டும் நடந்தால், அப்பா செய்த தப்பை மேடைபோட்டு மைக் வைத்து ஊருக்கே சொல்வதாக ஆகிவிடும் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. கங்கப்பா அங்கிள் என் தலையைத் தட்டிவிட்டு, "நோடோணா, பார்க்கலாம்" என்று போய்விட்டார். அப்படியென்றால் இல்லை என்று அர்த்தம்.

மற்ற ஒன்பது சட்டைகளையும் பிள்ளைகள் பாய்ந்து எடுத்துக்கொண்டார்கள். அன்றே சண்டையும் ஆரம்பித்தது, யார் முதலில் நிற்பது என்று. ஒன்று போட்டவன், நான்தான் முதல் என்றான். ஒன்பது போட்டவன், நான்தான் பெரியவன் என்றான். என் சிநேகிதி ஸ்டெல்லாவுக்கு ஏழு. அவள் குடும்பம் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து எங்கள் சந்துக்குக் குடிவந்தது. வாய் நீளம், மூளை அதைவிட நீளம். அவள்தான் நடுவில் புகுந்து, "இன்னாடா இதுக்குப் போயி அடிச்சிக்கிறீங்க? 'மிச்சம்' ஆடுற மாதிரி நிப்போம்" என்றாள்.

'மிச்சம்' எங்கள் சந்து விளையாட்டு. எல்லாரும் வட்டமாக ஓடும்போது ஒருவர் "மூணு!" என்று கத்துவார்; உடனே மும்மூன்று பேராகக் கட்டிக்கொள்ள வேண்டும், கூட்டு சேராமல் நிற்கிறவர் மிச்சம், அவுட். ஸ்டெல்லா அதை வரிசைக்கு மாற்றினாள். முதல் ஆள் நிற்கட்டும். இரண்டாவது ஆள் பக்கத்தில் வந்தால், இருவர் மார்பிலும் இருப்பதைச் சேர்த்து ஓர் எண்ணாக வாசித்தால் அது இரண்டால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். மூன்றாவது ஆள் வந்தால் மூவரின் எண் மூன்றால். நாலாவது ஆள் வந்தால் நாலால். இப்படியே கடைசி ஆள் வரை. எங்கே மீதி வருகிறதோ அங்கே வந்து சேர்ந்தவர் மிச்சம். வகுபடும் விதிகளை அப்போதுதான் வகுப்பில் முடித்திருந்தோம், ஆகவே அது எங்களுக்குப் புது விளையாட்டுச் சாமான்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குள் பொறி தட்டியது. பத்தாவது ஆள் வந்தால் பத்தால் வகுபட வேண்டும். பத்தால் வகுபட வேண்டுமானால் கடைசியில் சைபர் நிற்க வேண்டும், வேறு எந்தக் கொம்பனாலும் அங்கே நிற்க முடியாது! ஓடினேன் கங்கப்பா அங்கிள் வீட்டுக்கு. மூச்சிரைக்க நான் சொன்னதைக் கேட்டு அவர் முதலில் சிரித்தார், பிறகு மோவாயைத் தடவினார். "ஆய்த்தும்மா. ஹத்து ஜனமும் மிச்சம் இல்லாம நின்னு காட்டுங்க, பத்துச் சட்டையும் வரட்டும். நிக்க முடியல்லான்னா ஒம்பத்துதான், மறுபேச்சு இல்ல" என்றார். என்னைத் துரத்திவிடுவதற்காகச் சொன்னதுதான் அது. ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தானே.

அடுத்து வந்த நாட்களில் லேத் பட்டறையின் காம்பவுண்டு சுவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. செங்கல் துண்டால் எழுதுவோம், ஈரத்துணியால் துடைப்போம், சட்டை போட்டவர்கள் சந்தில் நின்று இடம் மாறி மாறிப் பார்ப்பார்கள். ரியாஸ் என்ற பையனுக்கு ஐந்து. ஐந்தால் வகுபட வேண்டுமானால் கடைசி இலக்கம் ஐந்தாகவோ சைபராகவோ இருக்க வேண்டும், சைபர் பத்தாம் இடத்துக்குப் போய்விட்டது, ஆகவே அவனுக்கு ஐந்தாம் இடத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. எல்லாரும் அலைந்துகொண்டிருக்க, அவன் மட்டும் நட்ட கம்பமாக நடுவில் நின்று கடலை தின்றான். இரண்டு, நாலு, ஆறு, எட்டு ஆகிய இடங்களில் இரட்டை எண்காரர்கள்தான் நிற்க முடியும். அப்படியானால் மிச்ச இடங்களில் ஒற்றை எண்காரர்கள். நாலால் வகுபட வேண்டுமென்றால் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் போதும், முன்னால் நிற்பவர் ஒற்றை எண் என்பதால் நாலாம் இடத்துக்கு இரண்டோ ஆறோதான் சரிப்படும். எட்டாம் இடத்துக்கும் அதே கதைதான். மூன்றுக்கும் ஆறுக்கும் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் விதி இருக்கிறது. இப்படித் தட்டித் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தபோது, ஆச்சரியம், லட்சக்கணக்கான வரிசைகளில் பத்தே பத்துதான் சுவரில் மீந்தன.

பத்தில் எது சரி என்பதை ஏழுதான் சொல்ல வேண்டும். ஏழுக்கு எங்களுக்குத் தெரிந்த குறுக்குவழி கிடையாது. முதல் ஏழு பேரின் எண்ணை எழுதி, உட்கார்ந்து வகுத்தே தீர வேண்டும். ஸ்டெல்லாவுக்கு அதில் ஒரே பெருமை. "என் நம்பர்தான் ஜட்ஜு, ஒழுங்கா நில்லுங்கடா" என்று மிரட்டிக்கொண்டே வகுத்தாள். ஒன்பது போட்டவன் தன் வரிசைதான் ஜெயிக்கும் என்று அடம்பிடித்தான்: ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு என்று இறங்கி ஒன்றில் முடியும் அழகான வரிசை. சும்மா சொல்லக்கூடாது, அது எல்லாவற்றிலும் தேறியது, எட்டில்கூட, ஒன்பதில்கூட. ஏழில் மட்டும் ஐந்து மீதி வந்து தொலைத்தது. அவனே இன்னொரு தரம் வகுத்துப் பார்த்தான், அப்போதும் ஐந்துதான்.

ஒவ்வொன்றாக அடிபட்டுக்கொண்டே வந்தது. பத்தும் தோற்றுப்போனால்? ஒன்று, எட்டு, மூன்று என்று தொடங்கிய வரிசைக்கு ஆறு மீதி வந்ததும் நான் செங்கல்லைத் தூக்கி எறிந்தேன். "எறியாதடி, ஒண்ணும் மூணும் இடம் மாறி நிக்கலாம், அது பாக்கி இருக்கு" என்றாள் ஸ்டெல்லா. ஒன்று போட்டவனும் மூன்று போட்டவளும் இடம் மாறிக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று, எட்டு, ஒன்று, ஆறு, ஐந்து, நான்கு, ஏழு. அவள் வகுத்துக்கொண்டே போனாள், கடைசிப் படியில் ஏழிலிருந்து ஏழு போய் ஒன்றுமில்லை என்று வந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் லேத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். நான் குதித்த குதியில் செருப்பு அறுந்தது. ஸ்டெல்லா மட்டும், "இருங்க, இன்னும் ரெண்டு இருக்கு" என்று மிச்ச இரண்டையும் வகுத்துப் பார்த்தாள். இரண்டுக்கும் மீதி வந்தது. ஆக, பத்துப் பேரும் மிச்சமில்லாமல் நிற்க உலகத்தில் ஒரே ஒரு வழிதான், அது எங்கள் சுவரில்தான் இருந்தது: 3816547290. முந்நூற்று எண்பத்தொரு கோடியே அறுபத்தைந்து லட்சத்து நாற்பத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. அதைப் பாடம் பண்ணிச் சந்து முழுக்கப் பாடிக்கொண்டே திரிந்தோம்.

விழா நாளில்தான் சோதனை. சபையோரின் வலப்பக்கமிருந்து நடந்து வருவதாகத்தான் ஒத்திகை பார்த்திருந்தோம். அங்கே யாரோ ஸ்பீக்கர் பெட்டியை இறக்கி வழியை அடைத்துவிட்டார்கள். சரி என்று இடப்பக்கமிருந்து நடந்து வந்து, சபையைப் பார்த்துத் திரும்பி நின்றோம். கங்கப்பா அங்கிள் மைக்கில், எங்கள் சந்துப் பிள்ளைகள் ஒரு அதிசய எண்ணைக் காட்டப் போகிறார்கள் என்று அறிவித்தார்; சரிபார்க்க மளிகைக்கடைக்காரர் தன் கால்குலேட்டரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சபையில் ஒரு முணுமுணுப்பு, பிறகு சிரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாக்கம்மா, சொன்னெயில ஆரம்பிக்குதே?" என்றார் கங்கப்பா அங்கிள், மைக்கைப் பொத்தாமல். எந்தச் சைபரை மறைக்க நினைத்தாரோ அது முதல் ஆளாக நிற்க, ஊரே அதைத்தான் முதலில் வாசித்துக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ "சொன்னெ அண்ணா!" என்று குரல் கொடுத்தார்கள்.

அப்போதுதான் கூட்டத்தில் அப்பா எழுந்து நின்று, உள்ளங்கையை மேலும் கீழுமாகப் புரட்டிக் காட்டினார். சட்டத்தில் வடிவத்தைப் பதிக்கும் பிலிமை இடவலம் மாற்றி வைத்துவிட்டால் உதவிக்கு வரும் அண்ணனுக்கு அவர் காட்டுகிற சைகை அது. நாளெல்லாம் இடவலம் மாறின எழுத்தோடு வேலை செய்கிறவருக்கு எங்கள் தப்பு நொடியில் விளங்கிவிட்டது. "உல்ட்டா நிக்கிறீங்கம்மா, உல்ட்டா!" என்று கத்தினார். மூன்று போட்டவளுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் வரிசையின் அந்தக் கோடியிலிருந்து பிரிந்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால் நடந்து, இந்தக் கோடியில் நின்ற என்னையும் தாண்டிப் போனாள். அவள் பின்னால் எட்டு, அவன் பின்னால் ஒன்று, ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் நகர, நான் அசையாமல் நின்றே வரிசைக்குக் கடைசியாகிவிட்டேன். ஒத்திகை பார்த்திருந்தால்கூட அவ்வளவு அழகாக வந்திருக்காது.

பிறகு ஒவ்வொருவராக ஓர் அடி முன்னால் வந்தோம். முப்பத்தெட்டை இரண்டால் வகுத்தால் பத்தொன்பது. முந்நூற்று எண்பத்தொன்றை மூன்றால் வகுத்தால் நூற்றிருபத்தேழு. மளிகைக்கடைக்காரர் தட்டித் தட்டிச் "சரி", "சரி" என்று சொல்லச் சொல்லச் சபை அமைதியானது. ஏழாவது ஆளாக ஸ்டெல்லா வந்தபோது அவர் இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் "சரி" என்றார். எட்டு பேர் வந்ததும் கால்குலேட்டரில் இடம் தீர்ந்துவிட்டது, அதில் எட்டு இலக்கம்தான் பிடிக்கும். "மிஷின் ஃபுல்லு" என்று அவர் கையை விரிக்க, ஸ்டெல்லா மைக்கைப் பிடுங்கி, ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லாரும் வந்தாயிற்று, கூட்டினால் நாற்பத்தைந்து, ஒன்பதால் போகும், மிஷின் எதுக்கு என்று கேட்டாள். சபை கை தட்டியது.

கடைசியாக நான். அடி எடுத்து வைத்தேன், சைபர் வந்து நின்றது. யாரும் எதையும் தட்டவில்லை, வகுக்கவில்லை. பத்தால் போகும் என்று சந்தில் நின்ற சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிட்டது. கங்கப்பா அங்கிள் போராட்டத்தில் கோஷம் போடுவதுபோல் கையை உயர்த்தி, "சொன்னெ!" என்றார் மைக்கில். சபை, "பேக்கே பேக்கு!" என்றது. சைபர் வேண்டும், கட்டாயம் வேண்டும் என்று அர்த்தம். அதை எத்தனை தரம் சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை. அப்பா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. என் அப்பா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்குப் பிறகு வாங்கிய எந்தப் பட்டத்துக்கும் அப்படி நிமிர்ந்ததில்லை.

அந்த எண்ணை எங்களுக்கு முன்பே எங்கெங்கோ பலர் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று வெகுநாள் கழித்துத் தெரியவந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். பத்து இலக்கங்களையும் ஒவ்வொரு தரம் மட்டும் பயன்படுத்தி எழுதக்கூடிய வரிசைகள் முப்பத்தாறு லட்சத்துக்கும் மேலே. அதில் இந்த ஒன்றை எங்கள் சந்துப் பிள்ளைகள் செங்கல் துண்டை வைத்துக்கொண்டு தேடிப் பிடித்தோம், வேறு கிடையாது என்பதையும் நாங்களே உறுதி செய்தோம். எங்களுக்கு முன்னால் யார் வந்திருந்தாலும் எங்கள் சுவர் எங்கள் சுவர்தான்.

இன்று அந்தச் சுவர் இல்லை. லேத் பட்டறையும் மில்லும் கடையும் இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட அலுவலகக் கட்டடம் நிற்கிறது. ஸ்கிரீன் சட்டங்களை அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டார். சட்டைகள் கரித்துணியாகித் தேய்ந்து போயின. கங்கப்பா அங்கிள் போய்விட்டார். ஸ்டெல்லா வங்கியில் மேலாளர். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். அப்பாவும் அம்மாவும் அத்திபெலேயில் எங்களோடு இருக்கிறார்கள்.

வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. போன மாதம் என் அலுவலகத் தோழிகள் வந்திருந்தபோதும் சொன்னார். சட்டை நிறம், ஸ்பீக்கர் பெட்டி, கால்குலேட்டர் எல்லாம் அப்படியே இருந்தது, ஓரிடம் மட்டும் மாறியிருந்தது. "பத்தாவது ஆளுக்குச் சைபர் இல்லாம வேலைக்காவாதும்மா. அதான் வேணும்னே சைபர் அடிச்சேன்" என்றார், கண் இமைக்காமல். சமையல்கட்டிலிருந்து அம்மா, "ஆமா ஆமா, அன்னிக்குச் சோறு எறங்காம உக்காந்துகினு இருந்தது எதிர்வீட்டுக்காரரு" என்றாள். தோழிகள் நிஜமா என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது என்றே நம்பிக்கொண்டிருந்தார். பிழை பார்ப்பதுதான் எனக்குத் தொழில். "ஆமாம், எங்கப்பா வேணும்னேதான் அடிச்சாரு" என்றேன்.